பட்டியலில் விட்ட பெயர்

கட்டுக்கலைப் பிள்ளையார் துணை

கட்டுகஸ்தோட்டை
14.06.1993

அன்பு மகள் தவமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பிள்ளையாரிடம் சொல்லி வைக்கிறேன். நாங்கள் உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது கீழே படிக்கப் படிக்க விளங்கும். உன்னுடைய இரண்டு கடிதங்களும் கிடைத்தன, பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை, பேனாவை எடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பேரனுக்கு இரண்டு பல் முளைத்த சேதியை அம்மா பக்கத்து வீடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஊர் வெயிலில் பிள்ளையைப் பகலில் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, ஏசி ரூமுக்கும் வெளிக்குமாக மாறி மாறி அலையவும் வைக்காதே, சளி பிடித்துக்கொள்ளும். இங்கே மூன்று வாரமாக விட்டு விட்டு மழை, பட்டறைக் கூரையில் வெல்டிங் மூலைக்கு மேலே ஒழுகுகிறது, அதற்குக் கீழே ஒரு வாளியை வைத்திருக்கிறேன். ஏறித் தார் பூச மனம் வரவில்லை. இந்தப் பட்டறை இன்னும் எத்தனை நாளைக்கு நம்முடையது என்று தெரியாமல் இருக்கும்போது கூரையைப் பற்றி என்ன கவலை.

அம்மா போட்ட கடிதம் இந்நேரம் உனக்குக் கிடைத்திருக்கும். எனக்குத் தெரியாமல்தான் போட்டாள், வெளிநாட்டு முத்திரை கேட்டு வாங்கியதைத் தபால் கந்தோரில் இருப்பவரே என்னிடம் சொல்லிவிட்டார். அதில் என்ன கேட்டிருப்பாள் என்பதும் தெரியும். பட்டறை ஆட்களின் காப்புறுதிப் படிவத்தை நிரப்பும்போது தியாகராஜா மாமாவின் பெயர் உன் கைத்தவறால் விட்டுப்போனது என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பு, அத்தை குடும்பம் பிழைத்துப்போகும் என்று கேட்டிருப்பாள். அதை நீ எழுதக் கூடாது. அதற்குள் எழுதிப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தில்தான் வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் மேல் கோபப்படாதே. நாலு நாள் நானும் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நடந்ததை யாரும் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். வெசாக் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை. பிரஸ் மெஷினில் எப்போதும் நிற்கிற கறுப்பையா ஹேவாஹெட்டவில் மாரியம்மன் தேர் என்று மூன்று நாள் லீவில் போயிருந்தான். கதவுப் பிணைச்சல் ஆயிரத்து இருநூறு சோடி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். மாமாதான் முன்வந்து, நான் நிக்கிறேன் மச்சான் என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றார். அந்த மெஷின் உனக்குத் தெரியும், தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலே இருந்து அச்சு இறங்கி வெட்டிவிட்டு ஏறும், ஒரு மிதிக்கு ஒரு வெட்டு. சில நாளாக அது எப்போதாவது ஒரு மிதிக்கு இரண்டு தரம் இறங்கியது. ஸ்பிரிங் தேய்ந்துபோனதால் வந்த கோளாறு. அது எனக்குத் தெரியும், கறுப்பையாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாது. இந்த ஓடரை முடித்துக்கொண்டு மாற்றலாம் என்று வைத்திருந்தேன். பத்தரை மணி இருக்கும், சிக்கிய தகட்டை எடுக்க அவர் கையை விட்ட நேரம் அது இரண்டாம் தரம் இறங்கிவிட்டது. வலது கையில் பெருவிரலும் சின்ன விரலும் மட்டும் மிச்சம். மனிதர் சத்தம் போடவில்லை, மெஷினை நிப்பாட்டுங்க என்று மட்டும் சொன்னார், அந்தச் சொல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு வேனில் கொண்டு ஓடினோம். வாசலில் துண்டு எழுதுகிறவர் ஆள் யார், எப்படிக் காயம் என்று சிங்களத்தில் கேட்டார். உன் அப்பாவுக்கு அந்த நேரத்திலும் வாய் எப்படி வந்தது பார், வேலைக்காரர் இல்லை, என் தங்கச்சி புருசன், பட்டறைக்கு வந்த இடத்தில் கை பட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் அப்படியே எழுதினார், நான் கையெழுத்தும் போட்டேன். சூது எண்ணிச் சொல்லவில்லை தவமணி, பதினெட்டு வருசமாக அவரைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், பழக்கத்தில் அதே வந்துவிட்டது.

தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்துக்குக் கைமாறிய காலத்தில் மாமாவுக்குத் தோட்டத்து ஸ்டோர் உத்தியோகம் போய், தங்கச்சி கமலத்தைக் கூட்டிக்கொண்டு குண்டசாலைக்குக் குடிவந்து நம் பட்டறையில் சேர்ந்தபோது நீ சின்னப் பிள்ளை. தங்கச்சி புருசனைக் கூலிக்கு வைத்துக்கொள்வதா என்று எனக்கு ஒரே கூச்சம். அதனால் சனிக்கிழமை மற்றவர்களுக்குப் பெயர் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கும்போது அவரைக் கூப்பிடுவதில்லை. மாதம் பிறந்தால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் கவரை வைத்து, கமலத்தின் கையில் அண்ணன் சீர் மாதிரிக் கொடுப்பேன். சம்பளப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறவே இல்லை. அந்தப் புத்தகத்தைக் கலியாணம் வரைக்கும் எழுதி வந்தவள் நீ, உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் எல்லோரும் செல்லச்சாமி தன் மச்சானை எப்படி மதிக்கிறான் பார் என்று பேசினார்கள், எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு தேயிலைத் தொழிற்சாலையின் ஓடர் வேலை நம் பட்டறைக்கு வேண்டுமென்றால் வேலையாட்களுக்கு விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் பேசினார்கள், காப்புறுதிக் கம்பனி ஏஜென்ட் மடவளை பஹ்மி தம்பி படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரின் பெயரும் என்ன வேலை என்பதும் எழுத வேண்டும். ஏழு பேரை எழுதி முடித்துவிட்டு மாமா பெயரையும் எழுதவா அப்பா என்று நீ கேட்டாய். மச்சானைக் கூலிப் பட்டியலில் போடுவதா, கமலம் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள் என்று உன்மேல் சீறி விழுந்தேன். நீ கீழே கோடு போட்டுப் படிவத்தை மூடினாய். காப்புறுதிக் கட்டுப்பணத்தில் மிச்சம் பிடிக்கத்தான் பெயரை ஒளித்தான் என்று இப்போது கடைத்தெருவில் பேசுகிறார்கள். சத்தியமாக அது காரணமில்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் ஒரு பெயர் குறைந்தால் கொஞ்சம் குறையும் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மனதின் எந்த மூலையில் எது இருந்தது என்று இப்போது எப்படிப் பிரிப்பது.

இப்போது நான் நிற்கிற இடத்தைக் கேள். காப்புறுதிக் கம்பனி சொல்கிறது, பட்டியலில் இல்லாத ஆளுக்கு நாங்கள் பொறுப்பில்லை. லேபர் கந்தோரில் சொல்கிறார்கள், வேலையாள் என்று நிரூபித்தால் நட்டஈட்டுக்குக் கட்டளை போடுவோம், கம்பனி கட்டாவிட்டால் முதலாளி கட்ட வேண்டும், உறவுக்காரர் சும்மா வந்த இடத்தில் கை பட்டது என்றால் எங்களுக்கு அதில் வேலையில்லை. அப்படியானால் அவர் வேலையாள்தான் என்று நானே சொல்கிறேன் என்றேன். அங்கே இருந்த அதிகாரி மாத்தையா ஆஸ்பத்திரித் துண்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்கு ஒரு கதை, இன்றைக்கு ஒரு கதை, மச்சானும் மச்சானும் சேர்ந்து காப்புறுதிக் காசு எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று கம்பனி வக்கீல் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார் என்றார். தன்மையாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பட்டறைப் பையன்கள் வந்து சொன்னாலும் முதலாளி சோறு தின்கிறவர்கள் என்று தள்ளிவிடுவார்களாம். பக்கத்து ஹாட்வெயார்க்காரர் லாபிர் நானாவைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு, கறுப்பையா பெயர்தான் பட்டியலில் இருக்கே, அவனுக்கு அடிபட்டதாக எழுதிவிடுங்களேன் என்றார். அவன் கையில் பத்து விரலும் இருக்கிறதே நானா, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, பிறகு இரண்டு பேருமே சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

பஹ்மி தம்பி நல்ல பிள்ளை, தினமும் மோட்டார் சைக்கிளில் மழையோடு வந்து போகிறார். ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, படிவம் மகளின் கையெழுத்துத்தானே, எழுதும்போது ஒரு பெயர் தவறிப்போச்சு என்று அவங்க எழுதினால் மேலே உள்ளவர்கள் யோசிக்கக்கூடும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, நான் சொன்னதாக வைக்க வேண்டாம், அது பொய் என்று தெரிந்தால் மொத்தக் காப்புறுதியையும் வெட்டிவிடுவார்கள், மற்ற ஏழு பேருக்கும் இல்லாமல் போகும் என்றும் சொன்னார். முதல் பாதி மட்டும் அம்மா காதில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு, நான் தலையாட்டாததால் ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாள். கேட்டால், தங்கச்சி குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு உங்கள் நீதி பெரிசு என்கிறாள். நீதியும் இல்லை ஒன்றும் இல்லை, உன்னைப் பலி கொடுத்து நான் தப்புவதா என்றுதான். நீ சரியாகக் கேட்டாய், நான்தான் வேண்டாம் என்றேன். அந்தத் தவற்றையும் உன் தலையில் கட்டினால் பிறகு நான் என்ன அப்பா.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மாமாவை வீட்டுக்கு விட்ட அடுத்த ஞாயிறு அம்மாவும் நானும் குண்டசாலைக்குப் போனோம். இருந்ததைத் திரட்டி, வழக்கம் போல வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டுதான் போனோம். கமலம் தட்டை வாங்கவில்லை, புருசனைப் பார்த்தாள். அவர் கதிரையில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். உனக்குத் தெரியும், பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற மனிதர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மச்சான், வெத்தலையில வச்சுக் குடுத்தா இனி எனக்கு வேணாம், வேல செஞ்ச ஆளுக்குக் குடுக்குற மாதிரி எழுதிக் குடுத்தா வாங்குறேன் என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். பதினெட்டு வருசமா சனிக்கெழம நீங்க ஒவ்வொருத்தர் பேராக் கூப்புடுவீங்க, நான் கிரைண்டர்கிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன், ஒரு நாளும் என் பேரக் கூப்புடல, கறுப்பையாவுக்கு வயசு போனா ஈ.பி.எப். வரும், எனக்கு என்ன இருக்கு, வெத்தலதான் இருக்கு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பிள்ளை சாமான் குறைவைச் சொல்லுவது போல மெதுவாகச் சொன்னார். அம்மா அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை, தட்டைப் பிடித்தபடி நின்றேன், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருசமும் அவருக்கு மரியாதை செய்கிறேன் என்று எனக்கே நான் செய்துகொண்டிருந்தேன் மகளே. அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல முடியும், உன்னிடம்தான் எழுத முடிகிறது.

லேபர் கந்தோருக்கு முறைப்பாடு அவர் பெயரில் போக வேண்டும். கமலத்திடம் கேட்டதற்கு, என் கையால அண்ணன் மேல எழுத மாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். அவருக்கு எழுத வலது கை உதவாது. போன சனிக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். என் முதலாளி கட்டுகஸ்தோட்டை செல்லச்சாமி என்பவர் என்று தொடங்கினார். இத்தனை வருசத்தில் அவர் என்னை முதலாளி என்று சொன்னது அதுதான் முதல் தரம், நான் குனிந்துகொண்டு எழுதினேன். ஸ்பிரிங் கதையை அவர் சொல்லவில்லை, நானே எழுதி வாசித்துக் காட்டினேன், சரி என்றார். கீழே இடது கையால் கையெழுத்து வைத்தார், ஒரு வாரமாகப் பழைய கொப்பியில் எழுதிப் பழகியிருக்கிறார், பிள்ளைகள் முதல் முதல் எழுதுகிற மாதிரி இருந்தது. இன்று காலை நானே கொண்டுபோய் லேபர் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன். எதிராளி யார் என்று கேட்டார்கள், நான்தான் என்றேன், நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தித் தந்தார்கள்.

இதில் எனக்கு வெல்லுகிற பக்கம் என்று ஒன்று கிடையாது. கட்டளை வந்தால் லேத் மெஷினை விற்றாலும் போதுமோ தெரியாது, லேத் போனால் தேயிலைத் தொழிற்சாலை வேலை போகும், பிறகு கறுப்பையாவும் மற்றவர்களும் எங்கே போவார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று காதில் விழுகிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கட்டளை வராவிட்டால் மாமா வெறும் கையோடு போவார், கமலம் என் வாசலை மிதிக்க மாட்டாள். இரவு படுத்தால் ஒரு பக்கம் பட்டறை, மறுபக்கம் தங்கச்சி, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. அதற்காக நீ மாப்பிள்ளையிடம் சொல்லிப் பணம் ஏற்பாடு பண்ண வேண்டாம், அப்படி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் உன்னிடம் கேட்பது வேறு.

பட்டறைச் சோறு தின்னாத, ஆனால் எல்லாம் தெரிந்த ஒரு ஆளின் வாக்கு வேண்டும் என்று அந்த மாத்தையா சொன்னார். சம்பளப் புத்தகம் எழுதினவள் நீ, படிவம் நிரப்பினவளும் நீ, இப்போது வேறு நாட்டில் உன் புருசன் வீட்டில் இருக்கிறாய். உன்னைவிட வேறு சாட்சி இல்லை. அம்மா கேட்ட கடிதத்தை எழுதாமல் இதை எழுது. தியாகராஜா என்பவர் நீ அறிந்த நாள் முதல் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணி வரை பட்டறையில் வேலை செய்தார், மாதாமாதம் அதற்குப் பணம் கொடுக்கப்பட்டது, வெற்றிலையில் வைத்துக் கொடுத்ததும் சம்பளம்தான் என்று எழுது. படிவத்தில் அவர் பெயரைப் போடவா என்று நீ கேட்டதையும், உன் தகப்பன் வேண்டாம் என்று ஏசியதையும் ஒரு சொல் குறைக்காமல் எழுது. அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து நடுவில் எதையாவது மெழுகி விடாதே, மெழுகினால் வக்கீல் அந்த இடத்தில்தான் பிடிப்பான். தூதுவராலயத்தில் முத்திரை வைத்து, பதிவுத் தபாலில், இந்த மாதம் முடியுமுன் அனுப்பு. எனக்கு அனுப்பாதே, நேரே லேபர் கந்தோருக்கு அனுப்பு, விலாசம் தனியாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டிருக்காதே, மாப்பிள்ளையும் வேலைக்குப் போய் வருகிறவர், வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவருக்கும் கஷ்டம். அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, என்மேல் உள்ள கோபம் உன் எழுத்தைப் பார்த்தால் கொஞ்சம் குறையும். பேரனுக்கு என் முத்தம். பிள்ளையார் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சுகமும் தரட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் சாட்சியில் ஓர் இடத்திலும் மாமா என்று எழுதிவிடாதே, அந்தச் சொல்லைக் கண்டால் சொந்தக்காரர் என்று தள்ளிவிடுவார்கள். முறைப்பாட்டில் அவர் எனக்கு யார் என்று எழுத வந்த இடத்தில் நான் மச்சான் என்று எழுதிவிட்டேன், அவர் இடது கையால் பேனாவை என்னிடமிருந்து வாங்கி அதை வெட்டிவிட்டு, தொழிலாளி என்று எழுதச் சொன்னார், எழுதினேன். நீயும் அப்படியே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
க. செல்லச்சாமி